மஸ்டா ரோட்ஸ்டர்: எந்தத் தலைமுறை?

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கிறேன். பழைய மஸ்டா ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் இரண்டு இருக்கை கார்) வாங்க ஆசை. நான்கு தலைமுறைகளில் எது தேறும்?

பதில்: 1989-ல் வந்த முதல் தலைமுறைக்குத்தான் மவுசு, மேலெழும் முகப்பு விளக்குகள் அப்படி! ஆனால் ஆரம்பகால 1.6 லிட்டர் எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனை குட்டை. அந்த முனையில் உள்ள புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரம்) போல்ட் தளர்ந்தால், தண்டோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு உட்காரும் காடி தேய்ந்து, டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) பிசகி, இழுவை குறையும். பானெட்டைத் திறந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள்: நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை முனை, எட்டு என்றால் கவலையில்லை.

அடுத்த எதிரி துரு. துணிக்கூரை மடங்கும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் வடிகால் துளைகள் உண்டு. குப்பை அடைத்தால் தண்ணீர் தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழுள்ள பக்கச்சட்டம் உள்ளிருந்தே அரிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், நம்பாதீர்கள்.

என் ஓட்டு 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு. பின்பக்கம் கண்ணாடி ஜன்னல், விலையும் பெரும்பாலும் குறைவு. வண்டியைத் தூக்கி முன்பக்க சேஸிஸ் சட்டங்களைத் தட்டிப் பாருங்கள். அங்கேதான் துரு ஒளிந்திருக்கும். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றிய ரசீதையும் கேளுங்கள். மாற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுவது லாபம்.

2005-ல் வந்த மூன்றாவதில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். உடல் சற்றுப் பெரிது. 2015-ன் நான்காவது மறுபடி இளைத்துவிட்டது, பணம்தான் கனக்கும்.