உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தக் கொழுப்பு மாறுவது ஏன்?

கேள்வி: எங்கள் ஐந்து வயது லாப்ரடார் நாய்க்குப் போன மாதம் கடும் காய்ச்சல் வந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. பபேசியா என்னும் உண்ணிக் காய்ச்சல் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஊசி போட்டபின் தேறி வருகிறது. அதே அறிக்கையில் ட்ரைகிளிசரைடு 270, கொலஸ்ட்ரால் 105 என்று இருந்தன. என் மாமியார் ஆட்டுக் கொழுப்பும் கோழித்தோலும் போட்டு வளர்த்ததுதான் காரணம் என்று வீட்டில் ஒரே பேச்சு. என் கணவர் சாப்பிடும் கொழுப்பு மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுக்கலாமா? ரத்தம் ஊற சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கொடுக்கலாமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தங்கள் மாமியாரை இந்த வழக்கிலிருந்து பெருமளவு விடுவித்துவிடலாம். அறிக்கையில் ஒன்று ஏறியும் மற்றொன்று தாழ்ந்தும் இருப்பதைக் கவனியுங்கள். கொழுப்பு உணவு மட்டுமே காரணமாக இருந்தால் கொலஸ்ட்ரால் இவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டியதில்லை. ட்ரைகிளிசரைடு உயர்ந்து, கொலஸ்ட்ரால் தாழ்ந்திருப்பது கடுமையான நோய்த்தொற்றின்போது நாயின் உடலில் காணக்கூடிய மாற்றமே.

பபேசியா ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைக்கும் ஒட்டுண்ணி. சிறுநீர் காப்பி நிறமானதும் அதனால்தான். இந்நோய்க்கும் நம் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. நாய்களைத் தாக்கும் வகைகளில் ஒன்றான பபேசியா கிப்சோனியை, மெட்ராஸ் ஹன்ட் என்னும் வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் கண்டு 1910-இல் முதன்முதலாக விவரித்தவர் பேட்டன் என்னும் ஆய்வாளர். பின்னர் குள்ளநரியின் ரத்தத்திலும் அது காணப்பட்டது.

காய்ச்சலில் நாய் சாப்பிடாமல் கிடக்கும்போது, உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாக்கி மீண்டும் ரத்தத்தில் விடுகிறது. வழக்கமாக, ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்னும் நொதி அதைப் பிரித்துத் திசுக்களுக்குக் கொடுத்துவிடும். ஆனால் தொற்றை எதிர்க்க உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் அந்த நொதியின் வேலையை மட்டுப்படுத்துவதால், வரத்து கூடிச் செலவு குறைந்து, ட்ரைகிளிசரைடு ரத்தத்திலேயே தேங்குகிறது.

கொலஸ்ட்ரால் தாழ்வதற்குக் காரணம் வேறு. மனிதருக்கு அது பெரும்பாலும் ‘கெட்ட கொழுப்பு’ என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகள்களில் செல்கிறது. நாய்க்கோ ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். துகள்களே முக்கிய வாகனம். அழற்சியின்போது கல்லீரல் ஏராளமாகச் சுரக்கும் சீரம் அமிலாய்டு ஏ என்னும் புரதம், எச்.டி.எல். துகளில் வழக்கமாக இருக்க வேண்டிய புரதத்தை அகற்றிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது; அப்படி மாறிய துகள்கள் ரத்தத்திலிருந்து விரைவாக நீங்கிவிடுவதால் எச்.டி.எல். குறைகிறது, அதோடு மொத்தக் கொலஸ்ட்ராலும் இறங்குகிறது. போதாக்குறைக்கு, தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரிக்க இயலாத இந்த ஒட்டுண்ணி, அதையும் நாயிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

ஆகவே, மாத்திரை வேண்டாம். கணவருக்கு எழுதிய மாத்திரையை நாய்க்குப் பாதியாக்கிக் கொடுப்பது எந்த நிலையிலும் தவறு. ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் கொலஸ்ட்ராலை இன்னும் தாழ்த்துவது அதைவிடப் பெரிய தவறு. மாரடைப்பு வருமோ என்றும் அஞ்ச வேண்டாம். தைராய்டு குறைபாடோ சர்க்கரை நோயோ இல்லாத நாய்களுக்கு ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது அரிது. கவலைப்பட வேண்டியது கணையத்தைப் பற்றித்தான். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினாலோ, நாய் வாந்தியெடுத்து வயிற்று வலியால் முதுகை வளைத்துக்கொண்டு நின்றாலோ, கணைய அழற்சியா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பபேசியாவே கணையத்தைப் பாதிக்கக்கூடும்.

மாமியாரை முழுமையாக விடுவிக்காததும் இதனால்தான். தேறும் வரையில் ஆட்டுக் கொழுப்பும் கோழித்தோலும் கூடாது. தோல் நீக்கி வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் போதும். சுவரொட்டியை விரும்பினால் சிறிதளவு வேகவைத்துக் கொடுக்கலாம், ஆனால் அதனால் ரத்தம் ஊறிவிடும் என்று நம்ப வேண்டாம். சிவப்பணு உள்ளேயே உடையும்போது அதிலுள்ள இரும்பு பெரும்பாலும் உடலிலேயே தங்கிவிடுகிறது. நம் பக்கத்தில் சுவரொட்டியை வெங்காயம் போட்டு வதக்குவதுதான் பெரிய ஆபத்து. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைத் தாமே உடைப்பவை. பபேசியா உடைத்தது போக மீந்ததை ஞாயிற்றுக்கிழமை மிச்சப் பிரியாணி உடைக்க விடாதீர்கள்.

அறிக்கையைப் பற்றியும் ஒரு சொல். மனிதருக்கான ஆய்வகத்தில் பரிசோதித்திருந்தால், எதிரே அச்சிட்டிருக்கும் இயல்பளவு மனிதருக்கானது. 240 கொலஸ்ட்ரால் நமக்கு அதிகம், நாய்க்கு இயல்பு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் எடுத்த ரத்தத்திலும் ட்ரைகிளிசரைடு ஏறித்தான் இருக்கும். சிவப்பணு உடைந்து சிவந்த சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) மற்ற அளவுகளும் பிறழக்கூடும்.

எந்த வகை பபேசியா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வோகெலி வகைக்கு இமிடோகார்ப் ஊசி நன்கு வேலை செய்யும். கிப்சோனிக்கு அது மட்டும் போதாது, வேறு கூட்டு மருந்துகள் தேவைப்படும். நோய் நீங்கி ஒரு மாதம் கழித்து, 12 மணி நேரம் உணவின்றி (தண்ணீர் கொடுக்கலாம்) மீண்டும் ரத்தம் எடுங்கள். அப்போதும் ட்ரைகிளிசரைடு இறங்காவிட்டால் தைராய்டையும் சர்க்கரையையும், கொலஸ்ட்ரால் மிகவும் ஏறியிருந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உண்ணி பரப்பும் தொற்றுகள் சிறுநீரகத்தைப் பாதிப்பதுண்டு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தங்களுக்கு எட்டும் தூரம்தான். போகும்போது பழைய அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.