கார்ட்லெஸ் ஆபீஸ் போன்: பாரிமுனை முதல் எண்ணூர் வரை கேட்ட கேள்விகளும் பதில்களும்

வடசென்னையில் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் போன் லைன், இன்டர்காம் வேலை செய்து கொடுக்கிறேன். கார்ட்லெஸ் போனைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "செட் சரியில்லை, மாற்றிவிடலாமா?" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை செட்டின் கோளாறு இல்லை. பேஸை, அதாவது லைன் ஒயர் சொருகுகிற பெட்டியை, வைத்த இடம் தப்பாக இருக்கும், இல்லையென்றால் பேட்டரி போயிருக்கும். புதிது வாங்கக் காசை எடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

மண்ணடி, இரும்புக் கடை: அண்ணே, கீழே கடை, பின்னால் குடோன், மாடியில் ஆபீஸ். பேஸ் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடோனுக்குள் போனால் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. மாடியில் சுத்தமாக எடுப்பதே இல்லை. பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருந்தார்களே?

300 மீட்டர் என்பது திறந்த வெளியில், நடுவில் எதுவும் மறைக்காமல் இருந்தால். கட்டடத்துக்குள் 50 மீட்டர் வரை என்று அதோடு சேர்த்தே சொல்லியிருப்பார்கள், அதுவும் சாதாரணச் சுவருக்கு. மண்ணடிப் பழைய கட்டடங்களின் சுவர் எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் உங்களிடம் ஆங்கிளும் பைப்பும் கூரை வரை அடுக்கியிருக்கிறது. ரேடியோ அலை செங்கல்லை ஓரளவு துளைத்துக்கொண்டு போகும். இரும்பைத் தாண்டாது, பட்டுத் திரும்பிவிடும். கல்லா பக்கத்தில் லாக்கரும் இரும்பு பீரோவும் இருந்தால் பேஸை நீங்களே இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்த மாதிரிதான்.

பேஸை அங்கிருந்து எடுத்து மாடிப்படி திரும்புகிற இடத்தில், சுவரில், ஆள் உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். உங்கள் கட்டடத்தில் கீழுக்கும் மேலுக்கும் நடுவே திறந்திருக்கிற ஒரே வழி அந்தப் படிக்கட்டுதான். அதற்குக் கொஞ்சம் டெலிபோன் ஒயர் இழுக்க வேண்டும், அடாப்டருக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். கல்லாவிலும் போன் தேவை என்றால் ஹேண்ட்செட்டைச் சார்ஜிங் ஸ்டாண்டோடு அங்கே வையுங்கள். ஸ்டாண்டுக்கு லைன் தேவையில்லை, கரன்ட் இருந்தால் போதும்.

ஆணி அடிப்பதற்கு முன் ஒரு சோதனை. நீளமான லைன் ஒயரில் பேஸை மாட்டிப் படிக்கட்டில் தற்காலிகமாக வையுங்கள். ஹேண்ட்செட்டிலிருந்து உங்கள் செல்போனுக்குப் போட்டு, கடைப்பையனிடம் கொடுத்து, சரக்கு லிஸ்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டே குடோன் முழுக்க நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் செல்லில் கேளுங்கள். எங்கே சொல் விழுங்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேஸை இரண்டடி நகர்த்தி மறுபடி நடக்கச் சொல்லுங்கள். இரண்டடியில் பெரிய வித்தியாசம் தெரியும்.

அவரே: அப்படியும் குடோன் கடைசியில் எடுக்கவில்லை என்றால்?

சில மாடல்களுக்கு ரிப்பீட்டர் உண்டு, பேஸின் சிக்னலை வாங்கி இன்னும் தூரத்துக்கு அனுப்புகிற பெட்டி. உங்கள் செட்டின் கையேட்டில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள், எல்லா செட்டோடும் அது சேராது. இல்லையென்றால் குடோனில் ஒரு சாதாரண ஒயர் போனை இணையாகப் போட்டுவிடுங்கள். கடைசிச் சுவர் வரை கார்ட்லெஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை.

காசிமேடு, ஐஸ் கம்பெனி ஆபீஸ்: சார், ராத்திரி முழுக்க ஸ்டாண்டில் இருக்கிறது. காலையில் எடுத்தால் பத்து நிமிஷத்தில் பேட்டரி பீப் அடிக்கிறது. பேட்டரியையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

புது பேட்டரியும் நிற்கவில்லை என்றால் சார்ஜ் ஏறவே இல்லை. ஹேண்ட்செட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள். சின்னதாக இரண்டு உலோகத் தகடு இருக்கும். ஸ்டாண்டிலும் அவற்றுக்கு நேராக இரண்டு முள் இருக்கும். உங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு அவற்றின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். சில சமயம் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். அடாப்டரைக் கழற்றிவிட்டு, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற பென்சில் ரப்பரால் நான்கும் பளபளக்கிற வரை தேயுங்கள். துகளைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்புத்தாளோ கத்தியோ வேண்டாம், மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே இன்னும் அதிகமாகப் பூக்கும். ஈரத்துணியும் வேண்டாம். மாதம் ஒரு தடவை துடைத்தாலே போதும். கடலை ஒட்டி இருப்பவர்கள் வாராவாரம் செய்யலாம். மீன், ஐஸ் பிடித்த கையோடு போனை எடுக்கிற இடம் வேறு, அதையும் கொஞ்சம் பாருங்கள்.

துடைத்த பிறகு ஸ்டாண்டில் வைத்தால் சார்ஜ் விளக்கோ திரையில் பேட்டரிப் படமோ உடனே காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அடுத்து அடாப்டரைச் சோதியுங்கள்.

தண்டையார்பேட்டை, மருந்துக் கடை: பேட்டரிக்குப் பதில் கடையில் விற்கிற சாதாரண பென்சில் செல் போடலாமா?

கூடாது. இதில் போட வேண்டியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரகம், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், டிரிபிள் ஏ அளவு. பார்க்க அதே மாதிரி இருந்தாலும் உங்கள் கடையில் தொங்குகிற 1.5 வோல்ட் செல் சார்ஜ் ஏற்றுவதற்குச் செய்ததில்லை. ஸ்டாண்டில் வைத்தால் சூடாகி, ஒழுகி, ஹேண்ட்செட்டையே அரித்துவிடும். வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று பழசு ஒன்று புதுசு வேண்டாம். மேலே எழுதியிருக்கிற எம்.ஏ.எச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற) அளவு பழையதை ஒட்டி இருந்தால் போதும். மிகப் பெரிய எண் போட்டு மிக மலிவாக விற்பதை நம்பாதீர்கள். புது பேட்டரி போட்டதும் ஏழெட்டு மணி நேரம் முழுதாகச் சார்ஜ் ஏறவிட்டு அப்புறம் பேசுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

தம்பு செட்டித் தெரு, கிளியரிங் ஏஜென்சி: சார், எங்கள் ஆபீஸில் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். (ஆபீஸுக்குள் போன்களை இணைக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டி) இருக்கிறது. அதன் எக்ஸ்டென்ஷனில் கார்ட்லெஸ் போட்டிருக்கிறோம். மிஸ்டு கால் லிஸ்டிலிருந்து டிரைவர் நம்பரை எடுத்து அழுத்தினால் போவதே இல்லை. கையால் போட்டால் சில நேரம் போகிறது, சில நேரம் "எண்ணைச் சரிபார்க்கவும்" என்று வருகிறது.

இந்த ஒரே காரணத்துக்காக நல்ல செட்டைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2021 ஜனவரி 15 முதல் இந்தியா முழுக்க லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் போட்டால் முன்னால் 0 சேர்க்க வேண்டும். செல்லிலிருந்து செல்லுக்கு வேண்டாம், செல்லிலிருந்து லேண்ட்லைனுக்கும் இந்த மாற்றம் இல்லை. ஆனால் உங்கள் திரையில் விழுகிற டிரைவர் நம்பர் பெரும்பாலும் வெறும் பத்து இலக்கம். அதை அப்படியே அழுத்தினால் 0 இல்லாமல் போகிறது, எக்ஸ்சேஞ்ச் திருப்பி அனுப்புகிறது.

உங்களுக்கு இன்னொரு படி கூடுதல். ஈ.பி.ஏ.பி.எக்ஸில் வெளி லைன் பிடிக்க ஒரு எண் அழுத்துவீர்கள், பல ஆபீஸ்களில் அதுவும் 0தான். ஆகவே வெளி லைனுக்கு ஒரு 0, செல்போனுக்கு ஒரு 0, அப்புறம் பத்து இலக்கம். ஆபீஸில் சிலர் ஒரு 0 மட்டும் போட்டுவிட்டு "போட்டேனே" என்பார்கள். சில நேரம் போகிறது, சில நேரம் போகவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். முதல் 0 அழுத்தியதும் வெளி டயல் டோன் வருகிறவரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். ஹேண்ட்செட்டின் போன்புக்கில் பதியும்போது முதல் 0க்குப் பின்னால் 'பாஸ்' (pause, சின்ன இடைவெளி) ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பல மாடல்களில் ரீடயல் பொத்தானே பாஸ் பொத்தானும். அழுத்தினால் திரையில் ஒரு எழுத்தாக விழும். மிஸ்டு கால் லிஸ்டில் வந்த நம்பரை 'எடிட்' செய்து முன்னால் இரண்டு 0 சேர்த்து அழைக்கலாம். தினமும் பேசுகிற டிரைவர், சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்), கப்பல் லைன் ஆபீஸ் எண்களை ஒரு மத்தியானம் உட்கார்ந்து போன்புக்கில் ஏற்றிவிடுங்கள், பிறகு யாரும் தடுமாற மாட்டார்கள். 108, 112 மாதிரி அவசர எண்களுக்கு வெளி லைன் எண் மட்டும் போதும், இன்னொரு 0 வேண்டாம். இதைப் போன் பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஆபத்து நேரத்தில் யாருக்கும் யோசிக்க வராது.

அவர்களே: நன்றி சார், இரண்டு 0 போட்டதும் போகிறது! இன்னொன்று. வந்த அழைப்பை மேனேஜருக்கு மாற்ற ஃப்ளாஷ் அழுத்தினால் லைன் கட்டாகிவிடுகிறது.

ஃப்ளாஷ் என்பது லைனை ஒரு நொடிக்கும் குறைவாக விட்டுப் பிடிப்பது. எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதில் உங்கள் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியும் ஹேண்ட்செட்டும் ஒத்துப்போகவில்லை. மெனுவில் 'ஃப்ளாஷ் டைம்' இருக்கும். 600 மில்லி செகண்டில் தொடங்கி, கட்டானால் குறைத்துக்கொண்டே வாருங்கள். சில பெட்டிகள் 100க்குத்தான் பணியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள் அழைப்பு ஒன்றை மாற்றிப் பாருங்கள், வாடிக்கையாளரை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

பெரம்பூர், டியூஷன் சென்டர்: போன் பேசும்போதெல்லாம் வைஃபை திணறுகிறது.

பேஸின் அடியில் ஸ்டிக்கரைப் பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் இரண்டும் ஒரே அலைவரிசையில் இடித்துக்கொள்கின்றன. நம் ஊரில் விற்ற பல செட்டுகள் அந்த ரகம். லேப்டாப்களை ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் மாற்றுங்கள், பேஸை ரவுட்டரிலிருந்து ஒரு அறையாவது தள்ளி வையுங்கள்.

வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோடு துணிக்கடை: தம்பி அமெரிக்காவிலிருந்து ஒரு செட் கொண்டுவந்திருக்கிறான். ஆசையாகக் கொடுத்தான். போடலாமா?

தம்பி மனசு நோகாமல் சொல்லிவிடுங்கள், இங்கே போட வேண்டாம். முதலாவது, பெரும்பாலும் அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கும். நம் 230இல் சொருகினால் புகைந்துவிடும். அடாப்டரை மாற்றிவிடலாம் என்று யாராவது சொல்லலாம். ஆனால் அங்கே விற்கிற 'டெக்ட் 6.0' என்ற ரகக் கார்ட்லெஸ் செட்டுகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கின்றன. இங்கே அது செல்போன் கம்பெனிகளுக்கு ஒதுக்கிய அலைவரிசை. உங்கள் தெருவில் எத்தனை ஆயிரம் பேர் செல்போனோடு நடக்கிறார்கள்! அவர்கள் பேச்சில் குறுக்கிடுவதோடு சட்டப்படியும் தப்பு.

திருவொற்றியூர், தையல் யூனிட்: அண்ணா, ஒரு பேஸுக்கு எத்தனை ஹேண்ட்செட் சேர்க்கலாம்? வேறு கம்பெனி ஹேண்ட்செட் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது.

பல செட்டுகளில் ஆறு வரை சேர்க்கலாம் தங்கச்சி. பேஸில் இருக்கிற பொத்தானை நாலைந்து செகண்ட் அழுத்திப் பிடித்துவிட்டு, ஹேண்ட்செட் மெனுவில் 'ரெஜிஸ்டர்' போங்கள். பின் நம்பர் கேட்டால் முதலில் 0000 போட்டுப் பாருங்கள். சேர்ந்ததும் அந்தப் பின் நம்பரை மாற்றிவிடுங்கள். வேறு கம்பெனியுடையது என்றால் இரண்டிலும் 'கேப்' (GAP) என்ற, வேறு வேறு கம்பெனி செட்டுகளைச் சேர்க்கிற வசதி இருக்க வேண்டும். அப்போதும் பேச்சு மட்டும்தான் நிச்சயம், போன்புக், இன்டர்காம் எல்லாம் வராமல் போகலாம். அதே பொத்தானைச் சும்மா தட்டினால் எல்லா ஹேண்ட்செட்டும் மணியடிக்கும், துணிக் குவியலுக்குள் தொலைந்தால் உதவும்.

கொடுங்கையூர், ஹோல்சேல் மளிகை: பைபர் லைனுக்கு மாறிவிட்டோம். சுவரில் இருந்த பழைய போன் பாயின்ட்டில் பேஸைச் சொருகினால் டயல் டோன் இல்லை.

இனி டயல் டோன் பைபர் பெட்டியிலிருந்துதான் வரும். பெட்டியின் பின்னால் 'டெல்' அல்லது 'போன்' என்று எழுதிய சின்ன ஓட்டையில் பேஸின் ஒயரைச் சொருகுங்கள். பக்கத்திலேயே இருக்கிற பெரிய ஓட்டைகள் இன்டர்நெட்டுக்கு. பழைய சுவர் ஒயரிங்கையே பயன்படுத்த வேண்டுமானால், வெளியிலிருந்து வருகிற பழைய செம்புக் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். அது தெரிந்த ஆளிடம் விடுங்கள். டயலிங் முறை 'டோன்' என்று இருக்கட்டும், 'பல்ஸ்' வேண்டாம்.

எண்ணூர், லாரி புக்கிங் ஆபீஸ்: அண்ணே, மிக்ஜாம் புயலப்போ நாள் கணக்கில் கரன்ட் இல்லை. ஹேண்ட்செட்டில் பேட்டரி முழுசா இருந்தும் போன் செத்துக் கிடந்தது. ஏன்?

ஹேண்ட்செட் பேட்டரி ஹேண்ட்செட்டுக்கு மட்டும்தான். பேஸுக்குக் கரன்ட் இல்லையென்றால் அது யாரோடு பேசும்? செம்புக் கம்பி லைன் இன்னும் இருந்தால் ஒரு ஒயர் போனை இணையாக வைத்துவிடுங்கள். அதற்கு வேண்டிய மின்சாரம், ஏறக்குறைய 48 வோல்ட், எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன் வழியாகவே வருகிறது. கடலோரத்தில் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு போனை எடுத்துப் போட வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன். பைபர் என்றால் அந்தப் பெட்டிக்கும் கரன்ட் வேண்டும். அதற்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது, பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். அதே 12 வோல்ட்டை போன் பேஸில் சொருகிவிடாதீர்கள், பேஸுக்கு வருவது அதில் பாதி அளவுதான், கருகிவிடும். பேஸின் சொந்த அடாப்டரை இன்வர்ட்டர் பாயின்ட்டில் போடுங்கள். தண்ணீர் ஏறுகிற இடம் என்பதால் பேஸும் பிளக் பாயின்ட்டும் இடுப்புக்கு மேலேயே இருக்கட்டும். இடி இடிக்கிற ராத்திரிகளில் ஆபீஸைப் பூட்டும்போது அடாப்டரோடு லைன் ஒயரையும் கழற்றிவிட்டுப் போங்கள். லைன் வழியாக வருகிற மின்னல் அடாப்டரைக் கழற்றியதோடு நிற்காது.

ராயபுரம், கணக்கர் ஆபீஸ்: எங்கள் பெரியவருக்குக் காது மந்தம். சத்தத்தைக் கூட்ட முடியுமா?

பேசிக்கொண்டிருக்கும்போதே மேல் அம்புக்குறியை அழுத்துங்கள். மணிச் சத்தம் தனி, அது மெனுவில். போதவில்லை என்றால் ஸ்பீக்கர் பொத்தான். அடுத்த செட் வாங்கும்போது பெரிய பொத்தானும் பெரிய எழுத்தும் உள்ளதாக, கடையில் அவர் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்.