இதழியல் ஆய்வுக்கு மதுரை போதுமா, சென்னை போயாக வேண்டுமா?

முக்கால்வாசி வேலை மதுரையிலேயே முடியும். பாரதி காலத்துத் தமிழ் இதழ்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போவதாகவும், இங்கே அறை எடுத்துத் தங்கினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, விடுமுறைகளில் இதே ஊர் நூலகங்களில் அலைந்து பட்டம் வாங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எந்த நூலகமானாலும், அதை யார், எதற்காகத் தொடங்கினார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அலமாரியில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது பாதி தெரிந்துவிடும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். மதுரைக்கு அப்படி எதுவும் வராது. இங்கே இருப்பதெல்லாம் ஜமீன்தாரும் பாதிரியாரும் அரசும் அவரவர் தேவைக்குச் சேர்த்தவை.

உங்கள் தலைப்புக்கு முதலில் ஏற வேண்டிய படி மதுரைத் தமிழ்ச் சங்கம். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் தொடங்கியது. இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் துணை நின்றார். அடுத்த ஆண்டே ‘செந்தமிழ்’ இதழ் வந்துவிட்டது. முதலில் ரா. இராகவையங்கார், அவருக்குப் பிறகு மு. இராகவையங்கார் ஆசிரியர்கள். புலவர்களும் புரவலர்களும் கூடித் தொடங்கிய இடம் ஆகையால் இலக்கணம், பழைய உரைகள், சுவடிப் பதிப்புகள், புலவர்களின் காலத்தைப் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் ஆகியவைதான் அதன் பலம். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று தேர்வுகளும் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் தமிழ் படித்தவர் என்று யாரை மதித்தார்கள், எதைப் பாடமாக வைத்தார்கள் என்பதே தனி இயலாக எழுதத் தக்க செய்தி. அரசியல் ஏடுகளையும் பெண்கள் இதழ்களையும் நம்பி மட்டும் அங்கே போகாதீர்கள். போவதற்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிவிடுங்கள். அங்கே படமாகக் கிடைக்கும் இதழுக்காக, தொட்டால் உதிரும் தாளைப் புரட்டுவது பாவம்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். பாரதி 1904இல் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை இந்த ஊர் சேதுபதி பள்ளியில்தான் தமிழாசிரியராக இருந்தார். பிறகு ‘சுதேசமித்திரன்’ வேலைக்காகச் சென்னைக்குப் போனார். பத்திரிகை என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும் என்ற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது!

புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு. குழந்தைகளுக்கும் பார்வையற்றவர்களுக்கும் தனிப் பிரிவுகள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் இடம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கட்டடம். ஆனால் 1906ஆம் ஆண்டு இதழ் அங்கே கிடைக்கும் என்று போகாதீர்கள். குறிப்புகளை விரித்து வைத்து இயல் எழுத அதைவிட நல்ல இடம் மதுரையில் இல்லை. வாடகை அறையில் மின்விசிறி மட்டும் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள், நீங்களும் முந்திக்கொள்ளுங்கள். புத்தகத்தை அறைக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். சொத்து வரியோடு சேர்த்து ஊரார் கட்டும் நூலக வரியில் ஓடுவது அது. கூச்சப்படாமல் பயன்படுத்தலாம்.

கல்லூரி நூலகங்களின் கதை வேறு. அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது 1834இல். யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் நடத்திய டேனியல் பூர் 1836இல் இங்கே வந்தார். 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியின் நூலகம் அவர் பெயரில் இருக்கிறது. கிறித்தவ இதழ்களோ மிஷன் கல்வியோ உங்கள் ஆய்வில் வருமானால் அங்கும், அரசரடி இறையியல் கல்லூரியிலும் கேட்டுப் பாருங்கள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நெறியாளரின் கடிதம், துறைத் தலைவரின் முத்திரை, அடையாள அட்டை நகல் மூன்றும் பையில் இருக்கட்டும். ஒரு கல்லூரியில் என்னை அலுவலகம், முதல்வர் அறை, மீண்டும் அலுவலகம் என்று சுற்றவிட்டு, கடைசியில் ‘எங்கள் மாணவர்களுக்கு மட்டும்தான்’ என்றார்கள். நூறாண்டுப் புத்தகத்தைப் பூட்டி வைத்து யாருக்காகக் காக்கிறார்களோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.

1966இல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகம் நகரத்தை விட்டு மேற்கே தள்ளி, தேனி சாலையில் இருக்கிறது. பழைய ஆய்வேடுகளுக்காக ஒருமுறை போகலாம். அதற்கு முன், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையத் தொகுப்பைப் பாருங்கள், பஸ் கட்டணம் மிஞ்சக்கூடும். தமுக்கம் அருகே காந்தி அருங்காட்சியக நூலகம் விடுதலைப் போராட்டப் பின்னணிக்கு உதவும். யானைமலைப் பக்கம் வேளாண் கல்லூரி, கண் மருத்துவத்துக்கு அரவிந்த், கொசு ஆராய்ச்சிக்குக்கூட ஒரு மத்திய நிலையம் என்று இந்த ஊரில் ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. உங்களுக்கு அவை வேண்டாம்.

மீதிக் கால் பங்குக்குச் சென்னைதான். அன்றைய அரசு, தமிழ்ப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்பதைச் சுருக்கி ஆங்கிலத்தில் வாராவாரம் அறிக்கையாகத் தொகுத்தது. இதழே அழிந்துபோயிருந்தாலும் அதன் சாரம் அதில் கிடைக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அடுத்தது தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். நம் பக்கத்துக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் அதன் தொடக்கம். அவற்றைப் பார்க்க நாம் சென்னைக்குப் போக வேண்டியிருப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. என்ன வேண்டும் என்ற பட்டியலை இதழ், ஆண்டு, மாதம் வாரியாக மதுரையிலேயே எழுதி முடித்த பிறகு வைகை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுங்கள். அங்கே அறை வாடகை இங்கே போல இருக்காது.