உடல்பருமனைக் குறைக்க உள்ளாட்சிகள் கைகோத்தால் உண்மையிலேயே பலன் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். வடபிரான்சில் ஃப்ளர்பே, லவாந்தி என்று பக்கத்துப் பக்கத்துச் சிற்றூர்கள் இரண்டு. 1992-ல் பள்ளிகளில் சத்துணவுப் பாடத்தோடு தொடங்கினார்கள். பாடம் மட்டும் போதவில்லை; ஆரம்ப ஆண்டுகளில் குழந்தைகளின் எடை ஏறிக்கொண்டேதான் போனது! இந்த இடத்தில்தான் பல நகராட்சிகள் திட்டத்தைக் கைகழுவிவிடும். இவர்கள் விடவில்லை. ஊரே இறங்கியது. உணவு ஆலோசகர்கள், விளையாட்டுப் பயிற்றுநர்கள், புதிய மைதானங்கள், பள்ளிக்கு நடந்து போகும் நாட்கள், உள்ளூர் மருத்துவர்களின் கூட்டங்கள் எனச் சுற்றுச்சூழலையே மாற்றினார்கள். 2004-ல் அங்கே அதிக எடையுள்ள குழந்தைகள் 8.8%, திட்டம் இல்லாத, ஒப்பிட்டுப் பார்த்த ஊர்களில் 17.8%.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பிட்ட ஊர்களில் 1992-ல் அளவெடுக்கவில்லை. அதனால் வித்தியாசம் முழுவதும் திட்டத்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதே 2004-ல் இந்த அனுபவத்தை வைத்து 'எப்போட்' என்ற திட்டம் 10 பிரெஞ்சு நகரங்களில் தொடங்கி, பிறகு வேறு நாடுகளுக்கும் பரவியது. மேயரின் ஆதரவு இல்லாமல் எந்த ஊரும் சேர முடியாது என்பது அப்போதைய விதி. உணவு நிறுவனங்களிடமும் நிதி வாங்கினார்கள். விமர்சனம் வராமல் இருக்குமா?

கூட்டாகச் செய்வதில் லாபம் எளிமையானது: ஆலோசகருக்கான செலவைப் பகிரலாம், ஓர் ஊரின் தவற்றை அடுத்த ஊர் தவிர்க்கலாம்.