போல்ட் ஆக்ஷன் ரைஃபிளின் மர ஸ்டாக்கில் கழற்றி மாட்டும் மேகசின் பொருத்த முடியுமா?

முடியும். ஆனால் ஸ்டாக்கை, அதாவது ரைஃபிளைத் தாங்கும் மரப் பகுதியைக் குடைவதுதான் பெரிய வேலை என்று நினைத்துக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது சின்ன வேலை. மேகசின், அதாவது தோட்டாக்களை வைக்கும் பெட்டி, எந்த உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

உங்களிடம் இருப்பது ரெமிங்டன் 700 மாதிரி, அடியில் கீல் மூடி வைத்த ரைஃபிள் என்று எடுத்துக்கொள்கிறேன். மேலே ஸ்கோப் மாட்டியிருப்பீர்கள். அதன் கீழே விரலை நுழைத்துத் தோட்டாவை ஒவ்வொன்றாக அழுத்தி அலுத்துப் போயிருப்பீர்கள். உரிமத்தில் இந்த மாற்றத்துக்கு இடம் இருக்கிறதா, எத்தனை தோட்டா கொள்ளும் மேகசின் வரை அனுமதி என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் உளியை எடுக்க வேண்டாம்.

"நல்ல ரைஃபிளுக்கு இதெல்லாம் எதற்கு, புது மோகம்" என்று யாராவது வரத்தான் செய்வார்கள். ஜேம்ஸ் பாரிஸ் லீ பெட்டி மேகசினுக்குக் காப்புரிமை வாங்கியது 1879-ல். லீ என்ஃபீல்டின் மேகசினும் கழற்றக்கூடியதுதான். சிப்பாய்கள் அதைக் கழற்றாமல் மேலிருந்தே கிளிப்பால் நிரப்பினார்கள், அவ்வளவுதான். 140 வருஷத்துக்கு மேலான ஒன்றை மோகம் என்பது நியாயமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய அமைப்பில் தோட்டா மேலே எகிறிவிடாமல் பிடித்து வைப்பது ரிசீவரின், அதாவது கையால் தள்ளி இழுக்கும் போல்ட் என்ற உலோக உருளை ஓடும் கூட்டின், உட்புற விளிம்புகள். உள்ளே இருக்கும் தகரப் பெட்டி வெறும் உறைதான். கழற்றி மாட்டும் மேகசினில் அந்தப் பொறுப்பு முழுவதும் மேகசினின் உதடுகளுக்கு, அதாவது அதன் வாயில் உள்நோக்கி வளைந்த விளிம்புகளுக்கு, போய்விடுகிறது. மேகசின் தாழ்ந்து நின்றால், போல்ட் தோட்டாவின் விளிம்பைப் பிடிக்காமல் மேலேயே வழுக்கிப் போய்விடும். உயர்ந்து நின்றால் போல்ட் உதடுகளை உரசிக்கொண்டே போகும். மேகசினை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதை முடிவு செய்வது அடியில் வரும் ட்ரிகர் கார்டு பகுதி, விசையைச் சுற்றிய வளையத்தோடு சேர்ந்த அடித்தகடு. ரிசீவருக்கும் அதற்கும் இடையிலான தூரத்தை முடிவு செய்பவை ஸ்டாக்குக்குள் இருக்கும் இரண்டு பில்லர்கள், திருகுகள் நுழையும் உலோகக் குழாய்கள்.

என் அனுபவம் இந்த இடத்தில்தான் வருகிறது. வால்நட் ஸ்டாக், .308 வின்செஸ்டர் தோட்டா. ஏஐசிஎஸ் என்ற பரவலான வகை கழற்றும் மேகசினை ஏற்கும் ட்ரிகர் கார்டு வாங்கி, மரத்தைக் குடைய ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு அழகு, மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. ஆனால் டம்மி தோட்டா போட்டு போல்ட்டைத் தள்ளினால் வெறும் அறைதான் மூடுகிறது. தோட்டா மேகசினிலேயே உட்கார்ந்திருக்கிறது. மேகசினைக் கையால் மேலே அழுத்திப் பிடித்தால் மட்டும் ஏறுகிறது. பட்டறையில் கேட்டால், "மேகசின் சரியில்லை, வேறு வாங்குங்கள், இல்லையென்றால் பூட்டுக் கொக்கியை அரத்தால் தேயுங்கள்" என்றார்கள்.

நான் தேய்க்கவில்லை. இரவல் வாங்கிய இன்னொரு மேகசினும் அதே மாதிரிதான் நின்றது, அப்படியானால் மேகசின் மேல் பழி இல்லை. எல்லாவற்றையும் கழற்றி, வெர்னியரால் பில்லர்களை அளந்தேன். பழைய கீல் மூடிக்கு இருந்த நீளத்திலேயே இரண்டையும் விட்டிருந்தார்கள். புது ட்ரிகர் கார்டின் வரைபடம் கேட்டதைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். பில்லர்களை அந்த அளவுக்குக் கடைந்து, குடைவின் அடித்தளத்தையும் அதற்கேற்ப இறக்கினேன். திருகுகளையும் குட்டையாக்க வேண்டியிருந்தது: முன் திருகு நீண்டிருந்தால் போல்ட்டின் முன்முனையில் உள்ள பூட்டுப் பல்லில் (லக்) போய் முட்டும். அதற்குப் பின் அந்த ரைஃபிள் ஒரு முறைகூட தோட்டாவை விட்டதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

நீங்கள் செய்யும்போது பிரைமரும் மருந்தும் இல்லாத டம்மி தோட்டாக்களை மட்டும் பயன்படுத்துங்கள். மேகசின் உதடுகளின் மேல் மார்க்கர் மையைப் பூசி போல்ட்டை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். மை அழிந்தால் மேகசின் உயரம் அதிகம். போல்ட் மூடிய நிலையில் நிரம்பிய மேகசின் மாட்டிப் பூட்டுகிறதா, கடைசித் தோட்டாவும் ஏறுகிறதா, இரண்டையும் பாருங்கள். மாட்டிய மேகசினில் லேசான ஆட்டம் இருப்பது நல்லது. அது ரிசீவரை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு நின்றால், குறி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் விழும். குடைந்த மரத்தின் பச்சைப் பரப்புக்கு எண்ணெயோ எப்பாக்ஸியோ கட்டாயம். விட்டுவிட்டால் ஈரத்தில் மரம் உப்பி மேகசினைக் கவ்விக்கொள்ளும்.

திருகுகளை, முறுக்கு விசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்குங்கள். அலுமினியப் பில்லர் உள்ள ஸ்டாக்குகளுக்கு 65 இஞ்ச்-பவுண்டு பரவலாகச் சொல்லப்படும் அளவு. பில்லர் இல்லாத வெறும் மரத்துக்கு அது அதிகம், நசுங்கிவிடும்.

டார்க் ரெஞ்ச் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதை இரவல் வாங்கிப் போகிறவர்கள் ஏன் முறுக்கிய அளவிலேயே திருப்பித் தருகிறார்கள்? கிளிக் வகை ரெஞ்ச்சை வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்து அளவு தவறும். என் ரெஞ்ச்சை ஒருவர் அப்படியே மாதக்கணக்கில் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். கேட்டால், "உடையவில்லையே" என்கிறார். இப்போது யாருக்கும் தருவதில்லை.

கையில் கடைசல் எந்திரமும் வெர்னியரும் இல்லையென்றால் பட்டறைக்கே போங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் ட்ரிகர் கார்டின் வரைபடத்தை அச்செடுத்துக் கையில் கொடுங்கள், பில்லர் நீளத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு. பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே டம்மி தோட்டாவை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.