மழை என்றாலும் போய்வாருங்கள்: டாஸ்மேனியாவின் பொன்னிற ஃபேகஸ்

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். ஃபேகஸ் மரங்கள் நிறம் மாறுவதைப் பார்க்க ஏப்ரல் கடைசி வாரம் டாஸ்மேனியத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டுக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். மலையில் மழை என்கிறார்கள். கூடவே 70 வயது அம்மா வருகிறார். அதிகம் நடக்க மாட்டார். ஜூனுக்குத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். அங்கே ஜூன் குளிர்காலம்; அப்போது போனால் மொட்டைக் கிளைதான் மிஞ்சும். குளிருக்கு இலை உதிர்க்கும் ஆஸ்திரேலியச் சொந்த மரம் இது ஒன்றுதான். டாஸ்மேனிய மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ஏப்ரல் பிற்பகுதியில் மஞ்சளில் தொடங்கி, ஆரஞ்சாகி, செம்பாகி, மே நடுவில் ஏறக்குறைய முடிந்துவிடும்.

மழை ஒரு குறையே இல்லை. நல்ல வெயிலில் இலை பளபளத்து நிறம் வெளுத்துப்போகும். மேகம் மூடிய நாளில், நனைந்த இலையில்தான் அந்தப் பொன் அடர்ந்து நிற்கும்.

அம்மாவோடு போக மவுண்ட் ஃபீல்ட் தேசியப் பூங்கா சரியான இடம். ஹோபார்ட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். பூங்காவுக்குள் லேக் டாப்சன் போகும் மண் சாலையில் ஏறினால், லேக் ஃபென்டன் ஏரி அருகே சாலையோரத்திலேயே ஃபேகஸ் நிற்கும். அம்மா காரை விட்டு இறங்கினால் போதும். உங்களுக்குக் கால் துடித்தால் மேலே டார்ன் ஷெல்ஃப் என்ற மலைத்தட்டு வரை ஏறலாம். ஆனால் அது கரடுமுரடான மலைப்பாதை, அம்மாவுக்கு வேண்டாம். பனி விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பெரிய மரமாகத் தேடாதீர்கள். பல இடங்களில் ஆளுயரப் புதர்தான். கிளைகள் பின்னிக்கிடந்து காலை இடறுவதால் அதற்கு ‘கால்சிக்கு’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் செல்லப்பெயரும் உண்டு. ஒரு இலையைக் கிட்டத்தில் பாருங்கள்: கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது, சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பின் பள்ளத்திலும் மழைத்துளி வரிசையாக உட்கார்ந்திருக்கும். இதற்காகவே நான் மழை நாளைச் சொல்கிறேன்.

இதே குடும்பத்து மரங்கள் சிலியிலும் நியூசிலாந்திலும் இருக்கின்றன. அண்டார்க்டிகாவில் புதைபடிவ இலைகளாகக் கிடைத்திருக்கின்றன. தென் நிலங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்ட்வானா காலத்துச் சொந்தம் அது.

ஃபேகஸின் உடன்பிறப்பான மிர்ட்டில் பீச் எப்போதும் பச்சை. பாசி போர்த்த அதன் அடிமரத்தைப் பார்த்தால் பெயர் செதுக்கக் கை துறுதுறுக்கும் சிலருக்கு. தயவுசெய்து கீறாதீர்கள்; காயத்தின் வழியே பூஞ்சை நோய் புகுந்து மரத்தையே கொன்றுவிடும்.

அப்புறம், கிளம்பும் முன் எல்லோருடைய ஷூவிலும் ஒட்டிய மண்ணைச் சுத்தமாகக் கழுவுங்கள். வேரழுகல் நோய் அந்த மண்ணில்தான் பயணம் செய்கிறது. கம்பளி உடையும் மழைக்கோட்டும் கட்டாயம். இலை பறிக்க வேண்டாம். அம்மா ஆசைப்பட்டால், விழுந்து கிடப்பதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடட்டும்.