ராஸ்புடின் பத்தி வீடியோ போடுறீங்களா? படத்தை மட்டும் நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீங்க

கேள்வி: சின்னதா ஒரு ஹிஸ்டரி சேனல் நடத்துறேன். அடுத்த வீடியோ ராஸ்புடின், ரஷ்யாவோட கடைசி ஜார் மன்னர் குடும்பத்துக்கு நெருக்கமா இருந்தவர். ரெண்டு படம், ஒரு சீரிஸ் பாத்து ஸ்கிரிப்ட் முடிச்சிட்டேன். விஷம் வெச்சும் சாகல, சுட்டும் சாகல, ஆத்துல தள்ளினப்புறம்தான் செத்தார்னு எழுதியிருக்கேன். அப்படியே போடலாமா?

பதில்: அப்படியே போடாதீங்க. "கொன்னவர் சொன்ன கதை இது"ன்னு சொல்லிட்டு போடுங்க, தப்பில்ல. ஏன்னா அந்த சாகாவரம் மேட்டர் பூரா கிளம்பினதே கொலை பண்ணவங்க வாயிலருந்துதான். 1916 டிசம்பர்ல பெட்ரோகிராட்ல (இப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) தன்னோட மொய்க்கா அரண்மனைக்கு விருந்துன்னு கூப்பிட்டு ஆளைத் தீர்த்த இளவரசர் ஃபெலிக்ஸ் யூசுபோவ், புரட்சிக்கப்புறம் நாட்டை விட்டு ஓடி 1927ல புக் போட்டார், சயனைடு கேக், விஷம் கலந்த ஒயின், செத்துட்டார்னு நினைச்சவர் திடீர்னு எந்திரிச்சு இவர் மேல பாஞ்சது எல்லாம் அதுல இருக்கு. விருந்தாளியைச் சுட்டுக் கொன்னேன்னு மொட்டையா எழுதினா யார் மதிப்பா, அதான் எதிராளியை பேயாக்கிட்டார்னு எனக்குத் தோணும். உடம்புல இருந்தது 3 குண்டுக்காயம், அதுல ஒண்ணு நெத்தியில. அதுக்கப்புறம் ஆத்துல உயிரோட போராடினார்ங்கறது சினிமாவுக்குத்தான் செட் ஆகும்.

சினிமா எவ்ளோ சீக்கிரம் உள்ள பூந்துச்சுன்னு பாருங்க. 1917லயே அமெரிக்காவுல ஒரு படம், அதுல ராஸ்புடினோட பரம எதிரி சாமியார் இலியோடோர் அவராவே நடிச்சிருக்கார்! எதிரியே வந்து நடிச்சுக் குடுத்தா கதை எந்தப் பக்கம் சாயும்னு சொல்லணுமா என்ன.

1932ல ஹாலிவுட் கம்பெனி எம்ஜிஎம் எடுத்த படம்தான் செம கூத்து. ராஸ்புடின் ஒரு இளவரசியைக் கெடுக்குற மாதிரி காட்டினாங்க, படத்துல அந்த இளவரசி கொலைகார இளவரசனுக்கு வேண்டப்பட்டவங்க, அப்ப அது நான்தானேன்னு யூசுபோவ் மனைவி இரினா லண்டன்ல கேஸ் போட்டு 25,000 பவுண்டு வாங்கிட்டாங்க. படத்தோட ஆரம்பத்துல வேற இதுல சிலர் இன்னும் உயிரோட இருக்காங்கன்னு கார்டு போட்டிருந்தாங்க, அது அவங்களுக்கே ஆப்பாச்சு. நம்ம படங்கள்லயும் வருதே, பாத்திரங்கள் யாவும் கற்பனையேன்னு, அந்த வழக்கம் பரவினதுக்கு இந்த கேஸ்தான் காரணம்னு சொல்வாங்க. இதை வீடியோல கண்டிப்பா வைங்க, விஷக் கேக்கை விட இது சுவாரசியம்.

ரத்தம் சரியா உறையாத நோய் இருந்த ஜாரோட மகன் இளவரசர் அலெக்சேயை ஹிப்னாடிசம் பண்ணி ரத்தப்போக்கை நிறுத்தின சீன் உங்க ஸ்கிரிப்ட்ல இருந்தா அதையும் ஒருக்கா பாருங்க. 1912ல போலந்துல இருக்குற ஸ்பாலாவுல பையன் சாகக் கெடந்தப்ப ராஸ்புடின் அங்க இல்லவே இல்ல, சைபீரியாவுல சொந்த ஊருல இருந்து தந்திதான் அடிச்சார், டாக்டர்கள் ரொம்பத் தொந்தரவு பண்ண வேணாம்னும் அதுல இருந்துச்சு. ராணியோட கள்ளக்காதல்னு 1978 டிஸ்கோ பாட்டு வரைக்கும் ஓடினதுக்கு ஆதாரமே கெடையாது. "துறவி"ன்னும் எழுதாதீங்க, பொண்டாட்டி புள்ளைங்க உள்ள விவசாயி, கோயில் கோயிலா சுத்தினவர்.

சீரிஸ்ல புரொஃபசர்கள் உக்காந்து பேசினா எல்லாம் சரியா இருக்கும்னு நம்பிடாதீங்க. நெட்ஃபிளிக்ஸ்ல 2019ல வந்த தி லாஸ்ட் ஸார்ஸ்ல 1905 மாஸ்கோன்னு காட்டுற ஷாட்ல லெனின் சமாதி நிக்குது, மனுஷன் செத்ததே 1924ல! அதனால சீன் பாத்து எழுதின ஒவ்வொரு வரிக்கும் இதை முதல்ல சொன்னது யாரு, அவருக்கு இதுல என்ன லாபம்னு பக்கத்துல எழுதிப் பாருங்க, பாதி ஸ்கிரிப்ட் தானா கழண்டுடும்.

அப்புறம் தேதி. அப்ப ரஷ்யாவுல பழைய காலண்டர், 13 நாள் பின்னாடி இருக்கும், அதனால செத்த நாள் டிசம்பர் 17ன்னும் இருக்கும் 30ன்னும் இருக்கும். ரெண்டையும் ஸ்கிரீன்ல போட்டுடுங்க, இல்லன்னா கமெண்ட்ல அதுக்கே ஒரு சண்டை ஓடும்.